பேரிக்காய் ராஜாவும் எங்கள் வீட்டுத் துவைகல்லும்

திங்கள்

ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இந்தத் தகவல் அவர்களுடைய இணையதளத்தில் இருக்கிறது, என் பையில் இருந்த கையேட்டில் இருக்கிறது, வாசல் பலகையிலும் இருக்கிறது. நான் வாசல் பலகையில்தான் படித்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார் அக்கா. கல்லூரித் தோழியின் அக்கா. புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரர், பாரிஸுக்கு வந்து 32 வருஷம் ஆகிறது. இந்த ஒரு வாரமும் எனக்குத் தங்க இடம், சோறு, மொழிபெயர்ப்பு மூன்றும் அவர்தான்.

நான் பார்க்க வந்தது ஒரே ஒரு ஆளை. ஒனோரே தோமியே. 1808-ல் மார்செய் நகரில் கண்ணாடி மாட்டுகிற தொழிலாளிக்குப் பிறந்தவர். அப்பாவுக்குக் கவிதைக் கிறுக்கு; அதை நம்பிக் குடும்பம் பாரிஸுக்கு வந்தது. பையன் கோர்ட் அமீனா ஒருவரிடம் எடுபிடி, பிறகு புத்தகக் கடையில் எடுபிடி. அங்கிருந்து கல்லச்சுக்கு, அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்சடிக்கும் லித்தோ வேலைக்குப் போனார். 1879-ல் சாவதற்குள் ஏறக்குறைய 4,000 படங்களைக் கல்லில் வரைந்திருந்தார். பெரும்பாலும் கேலிப்படங்கள்.

எனக்கு ஏன் இந்த ஆள்மேல் பிடிப்பு என்பதற்குக் காரணம் சிவகாசியில், எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது. அப்பா லித்தோ பிரஸ்ஸில் வேலை பார்த்தவர். ஆப்செட் வந்து பழைய கற்களை வெளியே தள்ளியபோது ஒன்றை மூன்று சக்கர வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறம், மேல்பக்கம் மழமழவென்று இருக்கும். அம்மா அதில்தான் துணி துவைப்பார். நான் பிறந்ததிலிருந்து என் பள்ளிச் சீருடை அத்தனையும் அந்தக் கல்லில் அடிபட்டவைதான். அதே மாதிரிக் கல்லில் ஒரு மனிதன் ராஜாவையே வரைந்து ஜெயிலுக்குப் போனான் என்று முதன்முதலில் படித்தபோது எனக்கு வயது 26.

பூட்டிய வாசலில் நிற்காமல் ஆற்றைத் தாண்டி நடந்தோம். லூவ்ரைக் கடந்து கொஞ்ச தூரத்தில் வெரோ-தொதா என்ற கூரை போட்ட கடைவீதி. வெரோ, தொதா என்ற இரண்டு பன்றிக்கறிக் கடை முதலாளிகள் சேர்ந்து 1826-ல் கட்டியது. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, மரச்சட்டம் போட்ட கண்ணாடி முகப்புகள். விலை உயர்ந்த பொருள்கள், ஆளரவமே இல்லை. ஆனால் 1831-ல் இந்த இடத்தில் நிற்க இடம் கிடைத்திருக்காது. ஓபேர் என்பவரின் படக்கடை இங்கேதான் இருந்தது. அவருடைய மைத்துனர் ஷார்ல் பிலிபோன். 'லா கரிகாத்யூர்' என்ற வாரப் பத்திரிகையை 1830-லும், 'ல ஷரிவரி' என்ற நாளிதழை 1832-லும் தொடங்கியவர். தோமியேவுக்குப் படியளந்த முதலாளியும் அவர்தான்.

பத்திரிகைச் சந்தா அன்றைக்கு ஏழைக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே புதுப் படம் வந்தால் கடைக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். நம் ஊரில் பெட்டிக்கடையில் தொங்கும் வாரப் பத்திரிகை அட்டையைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்குக் காத்திருப்பது போலத்தான். த்ராவியேஸ் என்ற ஓவியர் அந்தக் கூட்டத்தையே ஒரு படமாக வரைந்திருக்கிறார். ஓபேர் கடை வாசலில் ஜனங்கள் முண்டியடிக்கிறார்கள். கீழே வசனம்: "ஒத்துக்கத்தான் வேணும், நம்ம கவர்மென்ட்டுக்குத் தலை ரொம்ப வேடிக்கையா இருக்கு!"

அந்தத் தலைதான் பேரிக்காய்.

1830 ஜூலையில் புரட்சி நடந்து லூயி பிலிப் ராஜாவானார். தணிக்கை இனி எந்தக் காலத்திலும் திரும்பாது என்று அரசியல் சாசனத்தில் எழுதி வைத்தார்கள். அடுத்த வருஷமே பிலிபோன் குற்றவாளிக் கூண்டில் நின்றார், ராஜாவைக் கேலி செய்து படம் போட்டதற்காக. அங்கே நின்று நான்கு படங்களைக் காட்டினார். முதலாவது அச்சு அசல் ராஜாவின் முகம். இரண்டாவதில் தாடை கொஞ்சம் தொங்குகிறது. மூன்றாவதில் இன்னும். நான்காவது வெறும் பேரிக்காய். "முதல் படம் ராஜா மாதிரி இருப்பதால் குற்றம் என்றால் இரண்டாவதும் குற்றம், இரண்டாவது குற்றம் என்றால் மூன்றாவதும், கடைசியில் பிரான்ஸில் விளைகிற பேரிக்காய்க்கெல்லாம் தண்டனை கொடுப்பீர்களா?" வாதம் இந்தப் போக்கில் போனது. நீதிமன்றம் மசியவில்லை. 6 மாதம் சிறை, 2,000 பிராங்க் அபராதம்.

ஆனால் பேரிக்காய் ஜெயித்துவிட்டது. பாரிஸ் சுவரெல்லாம் பேரிக்காய். பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் அந்தச் சொல்லுக்கு ஏமாளி என்றும் பொருள் உண்டு என்று அக்கா சொன்னார். 1834-ல் 'ஷரிவரி'க்கு எதிராக ஒரு தீர்ப்பு வந்தது. அதைப் பத்திரிகையில் வெளியிட்டே ஆக வேண்டும். வெளியிட்டார்கள். ஒரு சொல் மாற்றவில்லை. வரிகளின் நீளத்தை மட்டும் கூட்டிக் குறைத்து, தீர்ப்பு முழுவதையும் பேரிக்காய் வடிவத்தில் அச்சுக் கோத்துவிட்டார்கள். இதைப் படித்த அன்று தனியாக உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். அப்பா இருந்திருந்தால் அச்சுக் கோத்தவனைத்தான் முதலில் பாராட்டியிருப்பார்.

'ஷரிவரி' என்றால் என்ன என்று அக்காவிடம் கேட்டேன். கிழவன் சின்னப் பெண்ணைக் கட்டிக்கொண்டால் ஊர்க்காரர்கள் ராத்திரி அவன் வாசலில் போய் சட்டி பானையைத் தட்டிக் கூச்சல் போட்டு மானத்தை வாங்குவார்களாம். அந்தச் சத்தம்தான்.

செவ்வாய்

இன்று திறந்திருந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் தலைகள், மொத்தம் 36. ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குள்தான் இருக்கும். சுடாத பச்சைக் களிமண்ணில் பிசைந்து மேலே எண்ணெய்ச் சாயம் பூசியவை. 1832-லிருந்து சில வருஷங்களில் பிலிபோன் கேட்டுத் தோமியே செய்தவை. நாடாளுமன்றப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து பிசைந்ததாகச் சொல்வார்கள்.

நவராத்திரிக் கொலுவில் செட்டியார் பொம்மை பார்த்த கண்ணுக்கு இவை முதலில் விளையாட்டுச் சாமானாகத்தான் தெரிந்தன. கிட்டே குனிந்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. கட்டைவிரலால் அழுத்தி இழுத்த இடம் அப்படியே தெரிகிறது. ஒரு கன்னத்தில் ஒரே அழுத்து. அந்த ஆளின் அலட்சியம் முழுக்க அதில் இருக்கிறது. இன்னொருவருக்குக் கழுத்தே கிடையாது, தலை நேராகச் சட்டைக் காலரில் இறங்கிவிட்டது. பச்சை மண் என்பதால் விரிசல்கள், ஒட்டுப்போட்ட தடங்கள். இவை இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததே அதிசயம்.

மந்திரியாக இருந்த தார்கூ பிரபுவைத் தேடிக் கண்டுபிடித்தேன். மூக்குதான் அடையாளம். அந்த மூக்கையும் ஒரு பெரிய கத்தரிக்கோலையும் சேர்த்து வரைந்தால் தணிக்கை என்று அன்றைய பாரிஸ் புரிந்துகொள்ளும். கிஸோ இருக்கிறார், பிரதமர் நாற்காலி வரை போனவர். பத்திரிகைகள்மேல் வழக்குமேல் வழக்காகப் போட்ட அரசு வழக்கறிஞர் பெர்சில் இருக்கிறார். "பெர்சில்னா இங்க ஒரு கீரை. கொத்தமல்லி மாதிரி, குழம்புல கிள்ளிப் போடுவாங்க" என்றார் அக்கா. இத்தனை தலைகளுக்கு நடுவில் பிலிபோனும் இருக்கிறார், வாய் கொள்ளாத சிரிப்போடு. சரக்குக்கு ஆர்டர் கொடுத்தவரையும் சேர்த்துக் கொலுவில் வைத்துவிட்டார் தோமியே.

இந்த மண்தலைகள் மாதிரிக்காகச் செய்தவைதான். முன்னால் வைத்துக்கொண்டு கல்லில் வரைவார். 1834-ல் தலைகளுக்கு உடம்பும் தொப்பையும் கொடுத்து, வளைந்த பெஞ்சுகளில் வரிசையாக உட்கார வைத்து, 'சட்டமன்றத் தொப்பை' என்று பெயர் வைத்தார். தூங்குகிறவர், மூக்கைச் சிந்துகிறவர், பக்கத்து ஆளிடம் குசுகுசுக்கிறவர். நம் வீட்டில் டிவியில் சட்டசபைக் காட்சி ஓடும்போது பார்க்கிற அதே உட்காரல்.

அதற்கும் முன்னால் 1831 டிசம்பரில் வரைந்ததுதான் வினையானது. பிரம்மாண்டமான பேரிக்காய்த் தலை ராஜா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வாயிலிருந்து தரைக்கு ஒரு நீளப் பலகை சாய்த்திருக்கிறது. கீழே கந்தல் கட்டிய ஏழைகள் காசு போடுகிறார்கள். கூடைக்காரர்கள் அதைப் பலகை வழியாக ஏற்றி ராஜாவின் வாயில் கொட்டுகிறார்கள். நாற்காலி சாதாரண நாற்காலி அல்ல, நடுவில் ஓட்டை போட்ட மலநாற்காலி. கீழே விழுவது பட்டங்களும் பதவி ஆணைகளும். அதைப் பொறுக்க நாடாளுமன்றத்தார் காத்திருக்கிறார்கள். பெயர் 'கர்கான்ச்சுவா', பழைய பிரெஞ்சுக் கதையில் வரும் தின்றுதீரா அரக்கன்.

6 மாதம் சிறை, 500 பிராங்க் அபராதம். 1832 ஆகஸ்டில் உள்ளே போனபோது அவருக்கு வயது 24.

புதன்

காலையில் அந்தச் சிறை இருந்த இடத்தைத் தேடிப் போனோம். சேன்ட் பெலாஜி என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இடித்துவிட்டார்கள். க்ளே தெருவில் இப்போது குடியிருப்புகள்தான். அக்காவுக்கு என்மேல் பரிதாபம் வந்து பக்கத்துப் பள்ளிவாசலின் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனார். சின்னக் கண்ணாடித் தம்ளரில் புதினாத் தேநீர். சர்க்கரை தாராளம்.

மத்தியானம் போபூர் தெரு. பொம்பிதூ மையத்தின் முதுகுப்பக்கமாக வடக்கே நடந்தால், ஒரு கட்டத்துக்கு மேல் நாம் நடப்பது பழைய த்ரான்ஸ்னோனேன் தெருவில். 1851-ல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு போபூரோடு இணைத்தார்கள். ஃபோன் கடை, கைப்பை மொத்த வியாபாரம், ஒரு பேக்கரி. சுவரோரமாக நின்று, இந்தத் தெருவைப் பற்றித் தோமியே வரைந்த படத்தை ஃபோனில் திறந்தேன். அசல் தாளை நான் பார்த்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

1834 ஏப்ரலில் லியோன் பட்டு நெசவாளிகள் கிளர்ந்தெழுந்தார்கள், பாரிஸிலும் தெருத் தடுப்புகள் எழுந்தன. இந்தத் தெருவின் 12-ஆம் எண் வீட்டு ஜன்னலிலிருந்து ராணுவ அதிகாரி ஒருவரைச் சுட்டுவிட்டார்கள் என்று படைவீரர்கள் உள்ளே புகுந்தார்கள். மாடி மாடியாக ஏறி, தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கொன்றார்கள். பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள்.

தோமியே வரைந்தது கொலையை அல்ல, அது முடிந்த பிறகான அறையை. படைவீரன் இல்லை, துப்பாக்கி இல்லை, புகை இல்லை. கலைந்த படுக்கை. அதில் சாய்ந்தபடி தரையில் ஒரு மனிதன், தூக்கத் தொப்பியும் ராச்சட்டையுமாக. சட்டை முழங்காலுக்கு மேலே ஏறியிருக்கிறது. உயிரோடிருந்தால் முதலில் அதைத்தான் இழுத்து விட்டிருப்பான். வெளிச்சம் முழுவதும் அந்த வெள்ளைச் சட்டையில் விழுகிறது. பார்த்துக்கொண்டே இருக்கும்போதுதான் தெரிகிறது, அவனுக்கு அடியில் ஒரு குழந்தை. தலையும் தோளும் மட்டும் வெளியே. இடப்பக்க இருட்டில் ஒரு பெண்ணின் உடல். வலது ஓரத்தில் ஒரு கிழவரின் தலை மட்டும். மீதி உடம்பைச் சட்டம் வெட்டிவிடுகிறது. கவிழ்ந்த நாற்காலி ஒன்று.

தலைப்பு தெருப்பெயரும் தேதியும்தான்: 'த்ரான்ஸ்னோனேன் தெரு, 1834 ஏப்ரல் 15'. வசனம் இல்லை, கேலி இல்லை. இது கேலிப்படமே அல்ல, வரலாறு என்று பின்னாளில் கவிஞர் போதலேர் எழுதினார். சரிதான். ஆனால் கேலிப்படக்காரனால்தான் இதை வரைந்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆஸ்தான ஓவியர் வரைந்திருந்தால் அந்த மனிதனுக்கு வீரமரணம் கொடுத்திருப்பார், கையை மார்பில் வைத்திருப்பார். தோமியே கொடுத்தது ஏறிய சட்டையும் குட்டைக் கால்களும். மூன்று வருஷம் தொப்பையும் தொடையும் வரைந்து பழகிய கை.

அபராதங்களைக் கட்டுவதற்காகவே பிலிபோன் தனிச் சந்தாதாரர்களுக்கு மாதம் ஒரு பெரிய படம் அனுப்பிவந்தார். இது அந்த வரிசையில் வந்தது. அரசு கல்லையும் கையில் சிக்கிய தாள்களையும் பறிமுதல் செய்தது.

அக்கா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ஃபோனைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. மெட்ரோவில் உட்கார்ந்த பிறகு, "அந்தப் புள்ளைய நான் மொதல்ல தலையணைன்னு நெனச்சேன்" என்றார்.

வியாழன்

விடாத மழை. கால் வேறு வீங்கிக் கிடக்கிறது. வீட்டில் உட்கார்ந்து, பிரெஞ்சு தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் 'ஷரிவரி' இதழ்களைப் புரட்டினோம். அக்கா வாழைக்காய் பஜ்ஜி போட்டார். இந்தப் பயணத்திலேயே சிறந்த நாள் இதுதான் என்று நினைக்கிறேன்.

1835 ஜூலை 28-ல் ராஜாவைக் கொல்ல முயற்சி நடந்தது. ஃபியஸ்கி என்பவன் பல குழல்களை ஒன்றாகக் கட்டிய துப்பாக்கியைத் தாம்ப்ள் பெருவீதியில் ஜன்னலோரம் வைத்துச் சுட்டான். ராஜா தப்பித்தார், 18 பேர் செத்தார்கள். செப்டம்பரில் புதுச் சட்டம். இனி படம் என்றால் அச்சடிக்கும் முன்பே அனுமதி வாங்க வேண்டும். தணிக்கை கிடையாது என்ற சாசன வாக்குறுதி என்ன ஆனது என்றால் அரசிடம் பதில் தயாராக இருந்தது: சாசனம் காப்பது கருத்தை, படம் கருத்து அல்ல, கண்ணோடு பேசுவது, ஆகவே அது ஒரு செயல். அப்போது நீதித்துறை அமைச்சர் யார் தெரியுமா? செவ்வாய்க்கிழமை பார்த்த கொத்தமல்லிதான்.

எழுத்துக்குக் கொடுத்த விடுதலையைப் படத்துக்குக் கொடுக்க மறுத்ததிலேயே ஒரு பயம் தெரிகிறது. எழுத்தைப் படிக்கப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும். பேரிக்காயைப் பார்க்கக் கண் போதும்.

'லா கரிகாத்யூர்' நின்றுபோனது. தோமியே இனி ராஜாவையும் மந்திரியையும் தொட முடியாது. இதோடு அவருடைய கூர் மழுங்கிவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ராஜாவை விட்டுவிட்டு, ராஜாவால் பிழைத்த கூட்டத்தைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர், வக்கீல், டாக்டர், பங்கு வியாபாரி, ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றும் கடைக்காரர். தலைகள் அதே தலைகள்தான், உத்தியோகம் மட்டும் வேறு.

ரொபேர் மக்கேர் வரிசையைப் பாருங்கள். மேடை நாடகம் ஒன்றில் வந்த திருடன் பாத்திரம். ஃப்ரெதெரிக் லெமேத்ர் என்ற நடிகர் அவனை வேடிக்கையான எத்தனாக ஆக்கிப் புகழ்பெற்றிருந்தார். 1836 ஆகஸ்டிலிருந்து அந்தத் திருடன் 'ஷரிவரி'யில் தொழிலதிபர் ஆகிவிடுகிறான். முதல் படத்தை அக்கா வாய்விட்டுப் படித்துத் தமிழில் சொன்னார். மக்கேர் தன் கூட்டாளி பெர்த்ரானிடம் சொல்கிறான்: "எனக்குத் தொழில்னா உயிருப்பா. நீ சரின்னா நாம ஒரு பேங்க் ஆரம்பிப்போம், நெஜ பேங்க்! மூலதனம் நூறு மில்லியன் மில்லியன். பங்கு நூறு பில்லியன் பில்லியன்." பெர்த்ரான் கேட்கிறான், போலீஸ்காரன் வந்தால்? "மடையா, கோடீஸ்வரனை யாராவது கைது பண்ணுவாங்களா?"

அக்கா பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "இது எங்க ஊர்ல சீட்டுக் கம்பெனி வெச்சிருந்த ஆளேதான்டி." எனக்கு ஈமு கோழி மோசடி ஞாபகம் வந்தது.

இந்த வசனங்களை எழுதியது பெரும்பாலும் தோமியே அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மக்கேர் வசனங்கள் பிலிபோனுடையவை. மற்றவற்றுக்கும் பத்திரிகை ஆபீஸில் யாராவது எழுதிச் சேர்ப்பார்கள். அவருக்கு வாரத்துக்கு இத்தனை கல் என்று வேலை, முடித்தால் காசு. நாற்பது வருஷம் இப்படித்தான் ஓடியது.

வக்கீல்கள் வரிசை எனக்குக் கொள்ளை இஷ்டம். அமீனா ஆபீஸில் எடுபிடியாக இருந்தபோது கோர்ட் வராந்தாவில் பார்த்தவர்கள்தானே! கறுப்பு அங்கி காற்றில் பருந்துச் சிறகு மாதிரி விரியும், முகவாய் மேலே நிற்கும். ஒன்றில் வக்கீல், அழுதுகொண்டு போகும் கட்சிக்காரப் பெண்ணிடம் சொல்கிறார்: "வழக்குல தோத்துட்டீங்க, வாஸ்தவம்தான். ஆனா என் வாதத்தைக் கேட்டது உங்களுக்குப் பெரிய சந்தோஷமா இருந்திருக்கணுமே!"

பிறகு 1844-ல் வந்த 'நீலக் காலுறைகள்' வரிசைக்கு வந்தோம். எழுதுகிற, படிக்கிற பெண்களை அன்று அப்படித்தான் கிண்டலாக அழைத்தார்கள். ஒரு படம்: அம்மா மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறாள், குழந்தை குளியல் தொட்டியில் தலைகீழாக விழுந்து கிடக்கிறது. வசனம்: "அம்மா படைப்பின் தீயில், பிள்ளை தொட்டித் தண்ணீரில்." இன்னொன்றில் தாய்மையின் இன்பத்தைப் பற்றிக் கவிதை எழுதுகிறவள், எழுத விடாமல் கத்தும் குழந்தையைச் சபிக்கிறாள்.

நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. கோடு அப்படி. ஆனால் நாற்பது படம் இதே சுருதியில் போகப்போகக் கசந்தது. வங்கி முதலாளியின் வேஷத்தைக் கலைத்த கண், வீட்டுக்குள் வந்ததும் பக்கத்து வீட்டுக் கிழவரின் கண் ஆகிவிடுகிறது. அந்தக் குழந்தையின் அப்பா எங்கே போனார் என்று ஒரு படத்தில்கூடக் கேட்கவில்லை. பெரிய ஆள் என்பதற்காக இதை விழுங்க எனக்கு மனமில்லை. "வரைஞ்சவனுக்கும் எழுதினவனுக்கும் சோறு யார் போட்டாங்களாம்?" என்றார் அக்கா.

இடையில் பேச்சு எங்கெங்கோ போய் பாரதியில் நின்றது. 'இந்தியா' பத்திரிகையில் கருத்துப்படம் போட்ட பாரதி 1908-ல் ஓடி வந்து சேர்ந்தது பிரெஞ்சு மண்ணுக்கு. பாரதி குடியிருந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வழியாகத்தான் அக்கா சிறுவயதில் தையல் வகுப்புக்குப் போவாராம்.

வெள்ளி

மோன்பர்னாஸ் பக்கம் ஒரு கல்லச்சுப் பட்டறை. முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கியிருந்தேன். உள்ளே நுழைந்ததும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. அப்பாவின் சட்டை வாசனை! அச்சு மையும் டர்பன்டைனும்.

அலமாரி அலமாரியாகக் கற்கள், புத்தகம் அடுக்குவது போல நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஜெர்மனியில் பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல். 1790-களின் கடைசியில் அலோய்ஸ் செனெஃபெல்டர் இந்த முறையைக் கண்டுபிடித்தார். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே விஷயத்தில் எல்லாம் அடக்கம்.

பட்டறைக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். முதலில் எனக்குக் கல் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். மணலும் தண்ணீரும் தெளித்து, ஒரு கல்லின்மேல் இன்னொரு கல்லை வைத்து எட்டுப் போட்டபடி சுற்ற வேண்டும். பத்து நிமிஷத்தில் தோள்பட்டை கழன்றுவிட்டது. மாவாட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்திருப்பேன், கிரைண்டர் தலைமுறை. தேய்க்கத் தேய்க்க முன்பு இருந்த படம் மங்கி மறைகிறது. அச்சு முடிந்ததும் அடுத்த வேலைக்குக் கல் வேண்டும், ஆகவே அழிக்க வேண்டும். தோமியேவின் ஆயிரக்கணக்கான படங்கள் இருந்த கற்களும் இப்படித்தான் போயின. போலீஸ் பறித்தது ஒன்றிரண்டு. மீதியைத் தேய்த்தது கூலிக்காரர்கள், நாளைப் பத்திரிகைக்காக.

தேய்த்துக் காய்ந்த கல்லில் கொழுப்புப் பென்சிலால் வரையச் சொன்னார். மெழுகு, சோப்பு, கொழுப்பு, விளக்குக் கரி கலந்த கறுப்புக் குச்சி. சொரசொரப்பில் அது போகும்போது நறநறவென்ற சத்தம் பல்லில் கேட்கிறது. நான் என்ன வரைவேன்? பேரிக்காய். கீழே தமிழில் பெயரும் எழுதினேன். மேலே வேலம்பிசினும் கொஞ்சம் அமிலமும் கலந்த கரைசலைப் பூசினார். பிறகு டர்பன்டைனால் துடைத்ததும் நான் வரைந்தது முழுக்கக் காணாமல் போனது. ஐயோ என்று கத்திவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஈரப் பஞ்சால் ஒற்றி, மை உருளையை ஓட்டினார். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து பேரிக்காய் எழுந்து வந்தது. ஈரம் இருந்த இடத்தில் மை ஒட்டவில்லை, கொழுப்பு இருந்த இடத்தில் மட்டும் பிடித்துக்கொண்டது.

கூடவே இன்னொன்றும் வந்தது. பேரிக்காய்க்குப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, வரிவரியாக. வரையும்போது தெரியாமல் கையூன்றியிருக்கிறேன். காலையில் அக்கா தலையில் வைத்த தேங்காய் எண்ணெய்! "கல் எதையும் மறக்காது, அதனால்தான் தேய்க்கிறோம்" என்றார் பட்டறைக்காரர்.

தாளில் வந்தபோது எழுத்துகள் திரும்பிவிட்டன. 'பேரிக்காய்' என்பதில் முதலில் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு வலது ஓரத்தில் கடைசி ஆளாய் நின்றது. தோமியேவின் ஆள்கள் எல்லாரும் இப்படித்தான். வலது கையால் சலாம் போடுகிறவனைக் கல்லில் இடது கையால் போட வைத்திருப்பார்.

கிளம்பும்போது கேட்டேன், கல்லின் இரண்டு பக்கமும் வரைவார்களா என்று. சில கற்களில் உண்டு என்றார். கீழ்ப்பக்கத்தைத் தேய்க்காமலே விட்டுவிடுவதும் உண்டாம். எனக்கு உடனே கொல்லைப்புறம் ஞாபகம் வந்துவிட்டது. ராத்திரி அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.

"ஏம்மா, நம்ம துவைகல்லோட அடிப்பக்கம் என்ன இருக்குன்னு பாத்திருக்கியா?"

"அதை யாரு புரட்டுவா? ஏன், அங்க வேற வேலை இல்லையா ஒனக்கு?"

சனி

சேன் லூயி தீவு. தான்ஜூ கரையில் 9-ஆம் எண் வீடு. 1846-லிருந்து 1863 வரை தோமியே இங்கே குடியிருந்தார். மேல்மாடியில் பட்டறை. சுவரில் ஒரு கல்வெட்டு. எதிரே ஆறு, படகு, கீழே கரையில் நடக்கிறவர்கள். சலவைக் கூடையும் குழந்தையுமாகப் படியேறும் பெண்ணை அவர் எண்ணெய் ஓவியமாகத் தீட்டியிருக்கிறார், இந்த ஜன்னலிலிருந்து பார்த்திருப்பார். அந்த ஓவியத்தில் கிண்டலே இல்லை. நீலக் காலுறை வரைந்த அதே கை என்று நம்ப முடியவில்லை.

இந்த வீட்டில் இருந்தபோதுதான் 1860-ல் 'ஷரிவரி' அவரை நிறுத்திவிட்டது. 1863 முடிவில் மறுபடி கூப்பிட்டார்கள். இடையில் மூன்று வருஷம் பணக் கஷ்டம்.

ஆற்றோரப் பழைய புத்தகப் பெட்டிகளில் 'தோமியே' என்று கேட்டால் எல்லாரிடமும் இருக்கிறது. முக்கால்வாசி நகல், விற்கிறவர்களே சொல்லிவிடுகிறார்கள். அசலைக் கண்டுபிடிக்கத் தாளைத் திருப்ப வேண்டும். பத்திரிகையிலிருந்து பிரிந்த தாள் என்றால் பின்பக்கம் அச்செழுத்து இருக்கும். பக்கத்துத் தெருவில் ஒரு சின்னக் கடையில் அந்த வழக்கில் தோற்ற பெண்ணின் படமே இருந்தது. ஓரத்தில் பென்சிலால் எல்.டி. என்று போட்டு ஓர் எண். தெல்தேய் என்பவர் போட்ட பட்டியலின் எண்ணாம். விலையைக் கேட்டதும் தாளை மிக மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன்.

கடைசியில் 30 யூரோவுக்கு ஒன்று வாங்கினேன். ஆற்றங்கரையில் தூண்டிலோடு ஒரு தொப்பைக்காரர். மஞ்சளடித்த தாள், மூலையில் நீர்க்கறை. மலிவுக்குக் காரணம், எவரோ சட்டம் போடுவதற்காக ஓரங்களை வெட்டியதில் வசனம் முழுவதும் போய்விட்டது. "என்ன எழுதியிருந்துச்சோ!" என்று அக்காவுக்கு வருத்தம். எனக்கு இல்லை. வசனம் யாரோ எழுதியது. தொப்பை தோமியேவுடையது. வெளிச்சத்தில் பிடித்தால் பின்பக்க விளம்பர எழுத்துகள் தலைகீழாகத் தொப்பையின்மேல் நடந்து போகின்றன.

ஞாயிறு

பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டம், 24-ஆம் பிரிவு. 1870-ல் அரசு கொடுத்த லெஜியன் ஆஃப் ஹானர் என்ற உயரிய விருதைச் சத்தமில்லாமல் மறுத்தவர். கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. 1878-ல் துரான்-ருவேல் கூடத்தில் நண்பர்கள் அவருடைய ஓவியங்களுக்குப் பெரிய கண்காட்சி வைத்தார்கள், எழுத்தாளர் விக்தோர் யூகோ கௌரவத் தலைவர். அடுத்த வருஷம் வால்மொந்துவா கிராமத்தில் இறந்தார். 1880-ல் இங்கே கொண்டுவந்து, நண்பரான ஓவியர் கொரோவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். எளிமையான பலகைக் கல். யாரோ அதன்மேல் ஒரு பென்சில் துண்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் பேரிக்காய் வாங்கி வந்திருந்தேன். வைத்தேன். அக்கா, "பாதியை நாம சாப்பிட்டிருக்கலாம், நல்ல பழம்" என்றார்.

திரும்பும்போது அம்மாவே கூப்பிட்டார். தம்பி, பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கடப்பாரை போட்டுக் கல்லைப் புரட்டிவிட்டானாம்.

"என்னம்மா இருந்துச்சு?"

"மண்ணு. ரெண்டு பூரான். அந்தச் சின்னப் பய கால்ல ஏறிருச்சு."

"எழுத்து, படம், ஏதாச்சும் கோடு?"

"ஒண்ணுங் கெடையாது. திரும்பப் போடும்போது சரியா ஒக்காரல. இப்ப துவைக்கும்போது கல்லு ஆடுது. நீ எப்ப வர்ற?"